ஒரு கறுப்பு வட்டம்... ரூ.51.75 கோடி! எஸ்.எச்.ரஸாவின் ‘பிந்து’ ஓவியத்தில் அப்படி என்னதான் இருக்கு?

நடுவில் ஒரு கறுப்பு வட்டம். சுற்றிலும் முக்கோணங்கள், சதுரக் கட்டங்கள், நேர்கோடுகள். காவி, சிவப்பு, மஞ்சள், மண் நிறம். அவ்வளவுதான். மனித முகம் இல்லை, சாமி உருவம் இல்லை, மரம் மாதிரி மரமும் இல்லை.

2023 ஆகஸ்ட் மாதம் மும்பையில் புண்டோல்ஸ் நடத்திய ஏலத்தில், எஸ்.எச்.ரஸா 1989-ல் வரைந்த ‘ஜெஸ்டேஷன்’ என்ற ஓவியம் ஏல நிறுவனத்தின் கட்டணமும் சேர்த்து ரூ.51.75 கோடிக்கு விலைபோனது. ஏலத்தில் அதுவரை எந்த இந்திய ஓவியத்துக்கும் கிடைக்காத தொகை அது. (அந்தச் சாதனை நீடித்தது சில வாரங்கள்தான். செப்டம்பரிலேயே அம்ரிதா ஷேர்கில்லின் ஓவியம் ரூ.61.8 கோடிக்குப் போய்விட்டது. 2025 மார்ச்சில் எம்.எஃப்.ஹுசேனின் ‘கிராம யாத்ரா’ சுமார் ரூ.118 கோடியைத் தொட்டது.)

இந்த மாதிரி செய்தி வரும்போதெல்லாம் படத்தை போனில் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். “காம்பஸும் ஸ்கேலும் கொடுத்தா நானே போட்டுடுவேனே, இதுக்கா இவ்வளவு காசு?”

நியாயமான கேள்வி. அதைத் தவிர்த்துவிட்டு ரஸாவைப் பற்றிப் பேசினால் அது வெறும் புகழ்ச்சியாகத்தான் இருக்கும். எனவே அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போவோம்.

காட்டில் தொடங்கிய கதை

சையத் ஹைதர் ரஸா 1922 பிப்ரவரி 22 அன்று, இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்தில் பிறந்தார். அப்பா வனத்துறை அதிகாரி. வீட்டைச் சுற்றி காடு, பக்கத்தில் நர்மதை. கோண்டு பழங்குடி மக்கள் வாழும் பகுதி அது.

காட்டின் இரவு தனக்குப் பெரும் பயத்தையும் அதே அளவு ஈர்ப்பையும் கொடுத்தது என்று பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். இருட்டினால் எதுவும் தெரியாது. விலங்குகளின் சத்தம் மட்டும் கேட்கும். எங்கோ கோண்டு மக்கள் ஆடும் சத்தம் வந்தால்தான் மனிதர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற தெம்பு வரும். விடிந்துவிட்டால் எல்லாமே மாறிவிடும். வெயில், சந்தை நாள், கூட்டம், வண்ண வண்ணத் துணிகள்.

அவருடைய பிற்கால ஓவியங்களைப் பார்க்கும்போது இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கும்மிருட்டு, இன்னொரு பக்கம் கண்ணைக் கூசவைக்கும் சிவப்பும் மஞ்சளும். அந்தக் கறுப்பு வட்டத்துக்குப் பின்னால் தத்துவம் வருவதற்கு முன்பே ஒரு சின்னப் பையனின் இரவு இருக்கிறது.

வாத்தியார் சுவரில் வைத்த புள்ளி

ரஸா அடிக்கடி சொன்ன இன்னொரு கதை இது. பள்ளிக்கூடத்தில் பையனுக்குக் கவனம் நிற்கவில்லை. எந்நேரமும் வேடிக்கைதான். தலைமை ஆசிரியர் ஒருநாள் அவனை நிறுத்திவைத்து, சுவரில் ஒரு புள்ளியை வரைந்து, “இதையே பார்த்துக்கிட்டு உட்காரு, வேற எதையும் நினைக்காதே” என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தண்டனையா, தியானமா? அந்த வயதில் அவருக்கே புரிந்திருக்காது. ஆனால் அந்தப் புள்ளி மனதில் தங்கிவிட்டது. அதைக் கேன்வாஸில் இறக்கி வைக்க அவருக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. நடுவில் வேறு ஒரு வாழ்க்கையே வாழ்ந்து முடித்துவிட்டார்.

நாக்பூர் ஓவியப் பள்ளி, பிறகு பம்பாயின் ஜே.ஜே. ஓவியப் பள்ளி. 1947-ல் எஃப்.என்.சூசா, எம்.எஃப்.ஹுசேன், கே.எச்.ஆரா, எச்.ஏ.கடே, எஸ்.கே.பாக்ரே ஆகியோருடன் சேர்ந்து ‘புரோக்ரஸிவ் ஆர்ட்டிஸ்ட்ஸ் குரூப்’ தொடங்கினார். இந்திய நவீன ஓவியத்தைப் பற்றி யார் எழுதினாலும் இந்த ஆறு பேரைத் தாண்டிப் போக முடியாது. குழு நீண்ட காலம் நிலைக்கவில்லை. ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள்.

எல்லோரும் போனார்கள், இவர் இருந்தார்

1947-48 ரஸாவுக்கு மிக மோசமான காலம். 1947-ல் அம்மா இறந்தார், 1948-ல் அப்பா. தேசப் பிரிவினையைத் தொடர்ந்து உடன்பிறந்தவர்கள் பாகிஸ்தானுக்குப் போனார்கள். இவர் போகவில்லை.

ஏன் போகவில்லை? எட்டு வயதில் மண்டலாவுக்கு வந்த காந்தியைப் பார்த்திருக்கிறார். இந்தியாவை விட்டுப் பாகிஸ்தானுக்குப் போவது காந்திக்குச் செய்யும் துரோகம் என்று தான் நினைத்ததாகப் பிற்காலத்தில் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு காந்தியை வைத்து ஒரு தொடர் ஓவியமே வரைந்தார்.

1948-ல் காஷ்மீருக்குப் போனார். அங்கே பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்டியே-ப்ரெஸோனைச் சந்தித்தது பெரிய திருப்பம். இவருடைய ஓவியங்களைப் பார்த்த அவர், திறமை இருக்கிறது, ஆனால் படத்துக்குள் கட்டுமானம் இல்லை, வீடு கட்டுவதற்கு அஸ்திவாரம், சுவர், கூரை வேண்டுமே, அதுபோல ஓவியத்துக்கும் வேண்டும், செஸானைப் போய்ப் பார் என்றாராம்.

இந்த ஒரு இடத்தை நன்றாகக் கவனிக்கணும். ரஸாவின் வடிவ கணிதம் முழுக்க முழுக்க ‘இந்திய ஆன்மிகம்’ என்று எழுதுபவர்கள் அதிகம். பாதிதான் உண்மை. மீதிப் பாதி ஒரு பிரெஞ்சுக்காரர் கொடுத்த அறிவுரையிலிருந்தும், செஸான் ஒரு மலையை எப்படிக் கட்டம் கட்டமாக எழுப்பினார் என்று ரஸா பாடம் படித்ததிலிருந்தும் வந்தது.

பாரிஸ்: ஜெயித்தார், ஆனாலும் ஏதோ குறைந்தது

1950-ல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ். அங்குள்ள நுண்கலைக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் படிப்பு. 1956-ல் பிரான்ஸின் ‘விமர்சகர்கள் விருது’. பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. 1959-ல் பிரெஞ்சு ஓவியர் ழானின் மோன்ஜில்லாவைத் திருமணம் செய்துகொண்டார். 1962-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் கற்பிக்கப் போனார். அங்கே மார்க் ராத்கோவின் ஓவியங்கள் அவரை உலுக்கின. வெறும் நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பவரை அழவைக்கக்கூட முடியும் என்று நம்பியவர் ராத்கோ.

வரவேற்பு இருந்தது, பணமும் வந்தது. வரைந்ததெல்லாம் பிரெஞ்சுக் கிராமங்கள், தேவாலயங்கள், மலைகள். 1950களில் அந்தக் கிராமங்களுக்கு மேலே சில சமயம் ஒரு கறுப்புச் சூரியன் நிற்கும். பின்னால் வரப்போகும் வட்டத்துக்கு அது ஒரு முன்னோட்டம் மாதிரி.

1970களில் அவருக்கே ஒரு கேள்வி எழுந்தது. நான் பாரிஸ் பாணியில் நன்றாக வரைகிறேன், சரி. இதில் என்னுடையது என்ன? மண்டலா எங்கே?

அந்தக் கேள்வியோடு திரும்பத் திரும்ப இந்தியாவுக்கு வந்தார். அஜந்தா, எல்லோரா, காசி, ராஜஸ்தான், குஜராத். குறிப்பாக ராஜபுத்திரச் சிற்றோவியங்கள் அவரை மிகவும் பாதித்தன. அந்தச் சின்னப் படங்களைச் சுற்றியிருக்கும் அடர்ந்த சிவப்புக் கரை, படத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் விதம், ஒரே படத்தில் அரண்மனைக்கு ஒரு கட்டம், தோட்டத்துக்கு ஒரு கட்டம் என்று வைப்பது. ரஸாவின் பெரிய கேன்வாஸ்களில் இவை எல்லாமே இருக்கின்றன.

பிறகுதான், 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், வாத்தியாரின் புள்ளி நடுவில் வந்து உட்கார்ந்தது. 1981-ல் வரைந்த ‘மா’ (அம்மா) என்ற ஓவியத்தில் ஒரு கறுப்புப் பிந்து இருக்கிறது. கூடவே இந்திக் கவிஞர் அசோக் வாஜ்பேயியின் வரி ஒன்று தேவநாகரி எழுத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. முப்பது ஆண்டுகளாகப் பிரான்ஸில் இருப்பவர், ஊருக்கும் அம்மாவுக்கும் இந்தியில் எழுதிய கடிதம் என்று அதைச் சொன்னால் மிகையில்லை.

சரி, இந்த ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

இனிதான் விஷயம். ரஸாவின் படத்தில் இருக்கும் வடிவங்கள் அலங்காரத்துக்கு வைத்தவை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. ஒருமுறை பிடிபட்டுவிட்டால் பிறகு எந்த ரஸா ஓவியத்தையும் நீங்களே படிக்கலாம்.

முதலில் வட்டம். அதுதான் பிந்து. சமஸ்கிருதத்தில் புள்ளி, துளி. ரஸாவுக்கு அது விதை. பூமிக்கு அடியில் கிடக்கும் விதையை வெளியிலிருந்து பார்த்தால் செத்த பொருள் மாதிரிதான் இருக்கும். ஆனால் வேர், தண்டு, இலை, பழம், அடுத்த தலைமுறை விதை எல்லாமே அதற்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ‘முளைத்தல்’, ‘கருவுறுதல்’, ‘இயற்கை’ என்ற பொருளில் அவர் தலைப்பு வைத்ததற்குக் காரணம் இதுதான். ஏலத்தில் போன ‘ஜெஸ்டேஷன்’ என்பதற்கும் கருவைச் சுமக்கும் காலம் என்றுதான் பொருள்.

வட்டம் ஏன் பெரும்பாலும் கறுப்பு? எல்லா நிறங்களும் கறுப்பிலிருந்து பிறக்கின்றன, அதுதான் தாய் நிறம் என்பது அவர் கருத்து. (பள்ளியில் படித்த இயற்பியலை இங்கே கொண்டுவந்து சண்டை போட வேண்டாம். இது ஓவியரின் கணக்கு.) மண்டலாவின் இரவை நினைத்துக்கொண்டால் இந்தக் கறுப்பு இன்னும் நன்றாகப் புரியும். எதுவும் தெரியாத இருட்டிலிருந்துதான் விடியல் வந்தது.

அடுத்து முக்கோணம். மேல் நோக்கி நிற்பது ஆண், புருஷ தத்துவம். கீழ் நோக்கி நிற்பது பெண், பிரகிருதி, இயற்கை. இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் படைப்பு நடக்கிறது. ஸ்ரீசக்கரம் பார்த்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அந்தப் பழைய யந்திர மொழியிலிருந்துதான் ரஸா எடுத்தார்.

நிறங்கள் ஐந்து: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம். நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் என்ற ஐம்பூதங்களோடு இவற்றைச் சேர்த்துப் பார்த்தார். செங்குத்துக் கோடு வந்தால் மரத்தையும் வளர்ச்சியையும் நினைக்கலாம். சுருண்டு எழும் வளைவு குண்டலினி, பாம்பு. சதுரம் எல்லாவற்றையும் தாங்கும் மண்.

இப்போது ஒரு சின்ன பரிசோதனை. போனில் ரஸாவின் பிந்து படம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, நடு வட்டத்தையே அரை நிமிடம் பாருங்கள். அவர் வட்டத்தைச் சுற்றி வளையம் வளையமாகச் சாம்பல், வெளிர், அடர்த்தி என்று நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போவார். கண் ஓரிடத்தில் நிற்காது. வட்டம் உள்ளே போவது போலவும் வெளியே வருவது போலவும் தோன்றும். அவ்வளவு அசைவையும் அசையாத ஒரு வடிவத்தில் அடக்குவதுதான் இதிலுள்ள கைவேலை. காம்பஸால் வட்டம் போட்டுவிடலாம். எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்தக் கறுப்பை வைத்தால் அந்த வட்டம் மூச்சு விடும் என்பதை அது சொல்லித் தராது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘சௌராஷ்டிரா’ என்ற அவருடைய 1983-ம் ஆண்டு ஓவியம் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். ஆறு அங்குலத் திரையில் அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வது, ஊரில் நடக்கும் நாதஸ்வரக் கச்சேரியைப் போன் ஸ்பீக்கரில் கேட்பது மாதிரி.

பிந்துவா, விந்துவா?

தமிழ் படித்தவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பைரவர் தமிழில் வயிரவர் ஆனது போல, ‘பிந்து’ தமிழில் ‘விந்து’ ஆனது. ஆமாம், நீங்கள் நினைக்கும் அதே சொல்தான். இன்று அந்தச் சொல்லுக்கு உடலியல் பொருள் மட்டுமே நினைவுக்கு வருகிறது. கல்லூரியில் ‘நாதம், விந்து’ என்று பாடம் வந்த அன்று கடைசி பெஞ்சில் எழுந்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

ஆனால் சைவ சித்தாந்தத்தில் சுத்த மாயைக்கே விந்து என்று ஒரு பெயர் உண்டு. உலகம் விரிவதற்கு முன் இருக்கும் மூலம். ஒலி, சொல், பொருள் எல்லாம் அதிலிருந்து வருகின்றன என்பது கணக்கு. உயிர் உண்டாகும் துளி, உலகம் உண்டாகும் துளி, இரண்டுக்கும் ஒரே சொல். ரஸா ‘கருவுறுதல்’ என்று ஒரு வட்டத்துக்குப் பெயர் வைத்தபோது சொன்னதும் இதைத்தானே? அவர் தமிழ் நூல்களைப் படித்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு பேரும் குடித்த கிணறு ஒன்று, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புள்ள ஒரு கிளையும் இருக்கு. சென்னைக்குப் பக்கத்தில் 1966-ல் சோழமண்டல் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ்.பணிக்கரும் அவருடைய மாணவர்கள் சிலரும் இதே காலகட்டத்தில் யந்திரம், ஜாதகக் கட்டம், எழுத்து, எண் ஆகியவற்றை வைத்து வரைந்துகொண்டிருந்தார்கள். சோழமண்டலின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவரான வேலு விஸ்வநாதன் 1968-ல் பாரிஸ் போய், அங்கேயே தங்கி வடிவ கணித ஓவியங்கள் வரைந்தார். விமர்சகர்கள் இவர்கள் எல்லோரையும் சேர்த்து ‘நவ தாந்திரிகம்’ என்று ஒரு சீட்டு ஒட்டினார்கள். வட்டமும் முக்கோணமும் வரைந்த அத்தனை பேரையும் ஒரே டப்பாவில் போடுவது வசதிதான். ஆனால் பணிக்கரின் கட்டமும் ரஸாவின் கட்டமும் பக்கத்தில் வைத்தால் துளியும் ஒத்துப்போகாது.

ஒரு முஸ்லிம் ஓவியர் ஏன் இந்தக் குறியீடுகளை வரைந்தார்?

கமெண்டில் கட்டாயம் வரும் கேள்வி என்பதால் நேரடியாகவே எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கத்திலிருந்தும் வரும்.

ரஸா மதம் மாறவில்லை. தன் மதத்தை மறைக்கவும் இல்லை. நர்மதைக் கரையில், கோண்டு மக்களுக்கும் இந்துக்களுக்கும் நடுவில் வளர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பையன் அவர். சிறுவயதில் கேட்ட ராமாயணக் கதையும் கபீரும் துளசிதாசரும் அவருக்கு ‘அடுத்தவர் சொத்து’ கிடையாது. காசியும் குர்ஆனும் ஒரே ஆளுக்குள் சண்டையில்லாமல் இருக்கும் என்பதற்கு அவர் விளக்கம் கொடுத்துக்கொண்டு இருக்கவில்லை, வரைந்துகொண்டே இருந்தார்.

பிரிவினையில் குடும்பமே பிரிந்து போன பிறகும், பாரிஸில் எந்தக் குறையும் இல்லாமல் வாழ்ந்த பிறகும், “என் படத்தில் மண்டலா எங்கே?” என்று கேட்டு அவர் தேடியெடுத்த குறியீடுகள் இவை. அவருடைய நண்பர் ஹுசேனுக்கு இதே நாட்டில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். வழக்குகள், மிரட்டல்கள், கடைசிக் காலத்தில் கத்தார் குடியுரிமை, 2011-ல் லண்டனில் மரணம். ரஸாவின் படத்தில் உருவங்கள் இல்லாததால் அந்தப் புயல் இவர் பக்கம் வீசவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வட்டத்தைப் பார்த்து யார் கோபப்பட முடியும்?

ஒரே புள்ளி, முப்பது வருஷம்: போரடிக்கலையா?

இந்த விமர்சனம் அவர் இருக்கும்போதே வந்தது. கடைசிக் காலத்தில் பிந்துக்கள் அச்சில் வார்த்தது போல வந்துவிட்டன, சந்தைக்காகத் திரும்பத் திரும்பச் செய்கிறார் என்றார்கள். ரஸாவின் பதில், இது ஜபமாலை மாதிரி. ஒரே பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம், சொல்லச் சொல்லத்தான் ஆழம் வருகிறது.

இந்த பதில் அழகாக இருக்கிறது. ஆனால் முழுசாக ஏற்க முடியவில்லை. 1980களின் பிந்துக்களில் இருக்கும் இறுக்கம், மண் வாசம், கடைசிப் பத்து ஆண்டுகளின் பல படங்களில் இல்லை. நிறங்கள் தட்டையாகிவிடுகின்றன. ஏலச் சந்தையே இதை ஒப்புக்கொள்கிறது. பெரிய விலைக்குப் போன பிந்துக் காலப் படங்களைப் பாருங்கள்: ‘சௌராஷ்டிரா’ 1983, ‘ஜெஸ்டேஷன்’ 1989. எல்லா வட்டத்துக்கும் 51 கோடி கிடையாது.

அந்த ரூ.51.75 கோடி யாருக்குப் போனது?

ஓவியருக்கு இல்லை. அவர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அவர் உயிரோடு இருந்தபோதும் இதே கதைதான். 2010 ஜூனில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ‘சௌராஷ்டிரா’ சுமார் ரூ.16.4 கோடிக்குப் போனது. அப்போது ரஸாவுக்கு வயது 88. ஓவியர் ஒருமுறை விற்றுவிட்டால், அதன்பிறகு விலை ஏறுவதெல்லாம் கையில் வைத்திருப்பவருக்கு. மனை விற்றவருக்குப் பிறகு அங்கே மெட்ரோ வந்தால் என்ன லாபம்? அதேதான்.

இதற்கு இந்தியச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 53ஏ. அசல் ஓவியம் மறுவிற்பனையில் 10,000 ரூபாய்க்கு மேல் போனால், ஓவியருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ விலையில் ஒரு பங்கு கேட்கும் உரிமை உண்டு. உச்ச வரம்பு 10 சதவீதம். பதிப்புரிமை இருக்கும்வரை, அதாவது ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை இது செல்லும். ரஸா விஷயத்தில் 2076 முடியும்வரை. நடைமுறையில் இந்தப் பிரிவு பெரிதாகப் பயன்படுவதில்லை.

விலை ஏன் 2023-ல் எகிறியது என்பதற்கு ஆன்மிகக் காரணம் தேட வேண்டாம். அதே ஆண்டு பிப்ரவரி முதல் மே வரை பாரிஸின் பொம்பிடூ மையத்தில் ரஸாவின் பெரிய கண்காட்சி நடந்தது. உலகின் முக்கியமான நவீனக் கலை அருங்காட்சியகங்களில் ஒன்று அது. அங்கே மாட்டிய பெயருக்குச் சந்தையில் என்ன மதிப்பு வரும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொரு விஷயம்: ரவிவர்மா, தாகூர், ஷேர்கில் உட்பட ஒன்பது ஓவியர்களின் படைப்புகளை ‘கலைச் செல்வம்’ என்று அறிவித்து, வெளிநாட்டுக்கு விற்க முடியாதபடி அரசு தடுத்திருக்கிறது. ரஸா அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அவர் ஓவியங்கள் லண்டன், நியூயார்க் ஏலங்களுக்கும் தாராளமாகப் போகின்றன. போட்டி போடுபவர்கள் அதிகம்.

“இது நான் வரைந்ததே இல்லை”

2009 ஜனவரி. டெல்லியில் ஒரு காலரியில் ரஸாவின் ஆரம்பகால ஓவியங்கள் என்று கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. 86 வயது ரஸா ஆசையாகப் பார்க்கப் போனார். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனவருக்கு விஷயம் புரிந்தது. பெரும்பாலானவை அவர் வரைந்தவையே இல்லை. போலி. கண்காட்சி மூடப்பட்டது.

தன் பெயரில், தன் கையெழுத்தோடு, தான் வரையாத படங்களுக்கு நடுவில் ஒரு முதியவர் நிற்கிறார். இதைவிட மோசமான ஒரு அறை ஓவியருக்கு உண்டா என்று தெரியவில்லை.

விலை ஏற ஏற போலியும் பெருகும். அதனால்தான் ரஸா அறக்கட்டளையும் டெல்லியின் வதேரா ஆர்ட் காலரியும் சேர்ந்து அவருடைய ஓவியங்களின் முழுப் பட்டியலைத் தொகுத்து வெளியிடத் தொடங்கின. 1958 முதல் 1971 வரையிலான ஓவியங்களைக் கொண்ட முதல் தொகுதி 2016-ல் வந்தது. அடுத்த தொகுதி 1989 வரை போகிறது. ஏலத்தில் ஒரு ரஸா வருகிறது என்றால், வாங்குபவர் முதலில் கேட்பது இந்தப் பட்டியலில் இருக்கிறதா, முதலில் யாரிடம் இருந்தது, எந்தக் கண்காட்சியில் வைத்தார்கள் என்பதைத்தான். அழகு அதற்குப் பிறகுதான்.

நேரில் பார்க்க வேண்டுமா?

‘சௌராஷ்டிரா’ இப்போது டெல்லி கிரண் நாடார் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்திலும் ரஸாவின் ஓவியங்கள் உள்ளன. எந்த நேரத்தில் எந்தப் படம் சுவரில் இருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், போவதற்கு முன் அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. போனால் படத்துக்கு முன்னால் செல்ஃபி எடுப்பதற்கு முன்பு, அந்த அரை நிமிடத்தை மட்டும் வட்டத்துக்குக் கொடுங்கள்.

2002-ல் மனைவி ழானின் இறந்த பிறகும் சில ஆண்டுகள் ரஸா பிரான்ஸில்தான் இருந்தார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2010 இறுதியில் டெல்லிக்கே திரும்பி வந்துவிட்டார். 2013-ல் பத்ம விபூஷண், 2015-ல் பிரான்ஸின் ‘லெஜியன் ஆஃப் ஹானர்’. தொண்ணூறைத் தாண்டியும் வரைவதை நிறுத்தவில்லை.

2016 ஜூலை 23 அன்று 94 வயதில் இறந்தார். மனைவியின் பக்கத்திலோ டெல்லியிலோ புதைக்கச் சொல்லவில்லை. அவர் விருப்பப்படி உடலை மண்டலாவுக்குக் கொண்டுபோய், அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். நர்மதை அந்த ஊர் வழியாகத்தான் ஓடுகிறது.